மூலிகை டீ

“அக்கா குடுத்த மூலிகைப் பொடி போட்ட டீங்க. மனசுக்குத் தெம்பாம். இன்னைக்கு என் கண்ணு முன்னாடியே குடிங்க” என்று கோப்பையை நீட்டிய மனைவி, நகராமல் நின்றாள்.

கணக்கு வாத்தியாரின் கண் ஜன்னல் பக்கம் போனது. இத்தனை நாள் எப்படியோ சமாளித்துவிட்டார். மனச்சோர்வுக்கு அவர் மாத்திரை சாப்பிடுவது வீட்டில் யாருக்கும் தெரியாது. மாத்திரையோடு மூலிகை எதையும் தன்னைக் கேட்காமல் சேர்த்தால் ஆபத்தாகிவிடலாம் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

“வேண்டாம்மா.”

“வெறும் இலை தழைதானே, என்ன பண்ணிடும்?”

இனி மறைக்க முடியாது. “நான் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடறேன். ரெண்டும் ஒத்துக்காது” என்றார் தலைகுனிந்து. “உன்கிட்ட சொல்ல வெட்கமா இருந்துச்சு.”

மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கோப்பையிலிருந்து தானே ஒரு வாய் குடித்தாள்.

“இது சாதா டீதான். துணி துவைக்கும்போது உங்க சட்டைப் பையில மாத்திரை அட்டை இருந்துச்சு. மருந்துக் கடையில விசாரிச்சேன். அக்கா குடுத்த பொடியை அன்னைக்கே குப்பையில கொட்டிட்டேன். நீங்களா வாயைத் திறக்கணும்னுதான் தினமும் நீட்டினேன்.”

வாத்தியாருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கோப்பையை வாங்கி ஒரு மடக்கு குடித்தார்.

“என்னம்மா, சர்க்கரையே போடலியா?”

“தினமும் ஜன்னல் வழியா ஊத்துற டீக்குச் சர்க்கரை எதுக்கு?”