மைனாவிடம் ஓசியில் கேட்ட பாட்டு

புல்புல் தானே பாட்டுக் கட்டிப் பாடும். கேட்க வருகிறவர்கள் ஆளுக்கொரு பழம் கொண்டுவர வேண்டும்.

அணில் அம்மாவின் குட்டி சிமிட்டிக்குக் காய்ச்சல். பாட்டுக் கேட்டால்தான் அது வாய் திறந்து தின்னும். கோடையில் பழம் கிடைக்கவில்லை. அம்மா குட்டியை மைனாவிடம் கூட்டிப்போனாள். புல்புல்லின் பாட்டுகளை மைனா அப்படியே பாடிக்காட்டும், எதுவும் கேட்காது.

காய்ச்சல் விட்டதும் சிமிட்டி கேட்டது: "இந்தப் பாட்டை யாரும்மா கட்டினாங்க?"

"புல்புல் அக்கா."

"நல்லா இருக்குன்னு அவங்ககிட்ட சொன்னியா?"

மறுநாள் காலை அம்மா குட்டியோடு புல்புல்லின் மரத்தில் ஏறினாள்.

"அக்கா, உங்க பாட்டை மைனாகிட்ட ஓசியில கேட்டோம். அதைக் கேட்டுத்தான் என் புள்ள பிழைச்சுது. மன்னிச்சிருங்க."

புல்புல் கிளையில் நகர்ந்து இடம் விட்டது. "இப்பல்லாம் யாருமே வர்றதில்ல. என் பாட்டு பிடிக்கலபோலன்னு பாடுறதையே விட்டுட்டேன். குட்டிக்கு எது பிடிச்சுது?"

சிமிட்டி ஒரு வரியைத் தப்பும் தவறுமாகப் பாடியது. புல்புல்லுக்குக் கண் கலங்கியது. அடுத்த வரியை அதுவே எடுத்துக்கொடுத்தது.

மழை வந்து முதல் அத்திப்பழம் பழுத்ததும், அணில் அம்மா பல் படாமல் அதைக் கவ்விக்கொண்டு மேலே ஓடினாள்.