மருந்தில்லாத ஊசி

ஊசி என்றதும் அவன் கைலியைத் தளர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றான்.

"ஐயோ, அங்க இல்ல அண்ணாச்சி! தோள்லதான்."

பிசியோதெரபிஸ்ட் பிரிசில்லா சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

மானம் போயிற்று. போகட்டும். கை வந்தால் போதும்.

அவன் பரோட்டா மாஸ்டர். தென்காசியில், அவன் மாவு வீசுவதைப் பார்க்கவே ஆட்கள் கடை வாசலில் நிற்பார்கள். தை மாதம் வலது தோள் பிடித்துக்கொண்டது. கை காதுவரைகூட ஏறவில்லை. இப்போது கல்லுக்கு முன்னால் வேறொருவன். அந்த ஆள் வீசினால் பரோட்டா கிழிகிறது. இவன் பின்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறான்.

"ஆடி முடியறதுக்குள்ள கை தூக்கணும். இல்லன்னா வெங்காயந்தான் ஒனக்கு" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

நாளை ஆடி கடைசி.

தோளில் வைத்திருந்த வெந்நீர்த் துண்டை எடுத்துவிட்டு, அவள் தலைமுடி மாதிரி மெல்லிய ஓர் ஊசியை உறையிலிருந்து பிரித்தாள்.

"மருந்து எங்கம்மா?"

"மருந்தே கிடையாது. வெறும் ஊசிதான். இறுகிப்போன சதைய இளக்கும்."

மருந்தில்லாமல் என்ன எழவு ஊசி! வாயை மூடிக்கொண்டு குப்புறப் படுத்தான்.

அவள் விரல் தோளைத் தடவித் தடவி ஒரு முடிச்சில் நின்றது.

அங்கேதான். அம்மாடி, அங்கேயேதான்!

ஊசி இறங்கியது.

சதை துள்ளியது.

அவன் அசையவில்லை. சதை மட்டும், தானாக, வலையில் விழுந்த கெண்டை போல.

"துள்ளுச்சா? அதான் வேணும்."

இன்னோர் இடம். இன்னொரு துள்ளல். பிறகு தோளெல்லாம் ஒரு கனம், ஒரு சூடு.

"எந்திரிச்சுக் கையத் தூக்குங்க. மெதுவா."

தூக்கினான்.

காதைத் தாண்டியது. தலையைத் தாண்டியது.

மெதுவாவது, ஒன்றாவது! ஈரத்துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தான். தலைக்கு மேலே ஒரு சுழற்று. மேசையில் ஓர் அடி.

பட்!

"அண்ணாச்சி! இன்னும் ரெண்டு மூணு தடவ வரணும்! அதுக்குள்ள..."

பட்! பட்!

திரைக்கு வெளியே முழங்கால் வலிக்குக் காத்திருந்த ஒருவர் கேட்டார்.

"உள்ள பரோட்டாவா போடுதாங்க?"

அவனுக்குக் கண் எரிந்தது. பக்கத்தில் வெங்காயமே இல்லை.

போனை வலது கையாலேயே காதுக்குக் கொண்டுபோனான்.

"மொதலாளி, வெங்காயத்துக்கு வேற ஆளப் பாருங்க."