துணைக்குப் போனவன்

"அவன் தட்டைப் பாத்தியாடா? தொட்டுக்கூடப் பாக்கல. சீஸ் போட்ட மக்ரோனிய லோவெல் வேண்டாம்னு சொல்லி இந்த வீட்ல யாராவது பாத்திருக்கீங்களா?"

டெஸ்மண்ட் குரலைத் தாழ்த்திக் கேட்டான். ஒஹையோவின் அந்தச் சின்னக் கல்லூரியில், சகோதர சங்கத்து மாணவர்கள் இருபத்திரண்டு பேர் சேர்ந்து குடியிருக்கும் பழைய மர வீடு அது. சங்கத்தில் சேர்ந்த அன்றே, சாகும்வரை அண்ணன் தம்பி என்று சத்தியம் செய்தவர்கள். டெஸ்மண்ட்தான் இந்த வருஷத் தலைவன். சமையலறையில் அவனோடு நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"சோத்தை வேண்டாம்னு ஒருத்தன் எழுந்து போறான்னா ஒண்ணு காதல், இல்லேன்னா பல்வலி" என்றான் சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்திருந்த டோபின்.

எல்லோரும் சிரித்தார்கள். டோபின் வாயைத் திறந்தால் சிரிப்பது அந்த வீட்டு வழக்கம்.

"விளையாடாதடா. மூணு வாரமா ரூமே கதின்னு கிடக்கான். ஷேவ் பண்றதில்ல. மேட்ச் பாக்கக்கூடக் கீழ வர்றதில்ல. காலேஜ் மனநலக் கவுன்சிலரைப் போய்ப் பாருடான்னா, 'நான் என்ன பைத்தியமா?'ங்கறான்."

"நானா இருந்தாலும் அதைத்தான் கேப்பேன்!" என்றான் டோபின்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"தனியாப் போகச் சொன்னா போக மாட்டான்" என்றான் டெஸ்மண்ட். "யாராவது 'எனக்குத்தான் மனசு சரியில்ல, துணைக்கு வாடா'ன்னு கூப்பிட்டா வருவான். அங்க போனப்புறம் அவனையும் மெதுவா உள்ள தள்ளிவிட்டுடலாம். ஆனா கூப்பிடறவனுக்கு நடிக்கத் தெரியணும்."

ஒருவன் தரையைப் பார்த்தான். இன்னொருவன் கார்ன்ஃபிளேக்ஸ் டப்பாவைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தான்.

"என்னடா எல்லாரும் ஊமையாயிட்டீங்க? நடிகர் திலகம் நான் ஒருத்தன் இருக்கேன்ல?" டோபின் மேடையிலிருந்து குதித்தான்.

மறுநாள் காலை லோவெலின் கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தான். போர்வைக்கு வெளியே லோவெலின் தாடி மட்டும் தெரிந்தது.

"மச்சான், எனக்கு என்னமோ ஆகுதுடா. தூக்கமே வர்றதில்ல. எல்லாரையும் சிரிக்க வைக்கிறேன், ஆனா உள்ளுக்குள்ள வெறிச்சோன்னு கிடக்கு. கவுன்சிலரைப் பாக்கலாம்னு இருக்கேன். தனியாப் போகப் பயமா இருக்கு. துணைக்கு வர்றியா?"

வசனம் இவ்வளவு சரளமாக வந்தது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

லோவெல் போர்வையை விலக்கி அவன் முகத்தையே பார்த்தான். "நெஜமாவாடா?"

"சத்தியமா."

லோவெல் கட்டிலடியில் குனிந்து ஷூவைத் தேடினான். டோபின் தனக்குத்தானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டான்.

பனியை மிதித்துக்கொண்டு இருவரும் கவுன்சிலர் அலுவலகத்துக்குப் போனார்கள். டோபின் பெயரில் டெஸ்மண்ட் நேரம் வாங்கி வைத்திருந்தான்.

"நான் முதல்ல போறேன். அஞ்சே நிமிஷம். அப்புறம் நீ. ஓடிடாதடா!" என்று லோவெலை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு டோபின் உள்ளே போனான்.

கவுன்சிலர் ஹால்வர்சன் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். டோபின் கதவைச் சாத்திவிட்டுக் கிசுகிசுத்தான்.

"மேடம், ஒரு ரகசியம். ஆள் நான் இல்ல, வெளிய உக்காந்திருக்கானே, அவன்தான். நான் சும்மா தூண்டில் புழு."

அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "இருக்கட்டும்ப்பா. அஞ்சு நிமிஷம் உக்காரத்தானே போறே? சும்மா ஒண்ணு கேக்கறேன். கடைசியா எப்ப நல்லாத் தூங்கினே?"

டோபினிடம் பதிலுக்கு ஒரு ஜோக் தயாராக இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"ஆகஸ்ட்ல" என்றான்.

"ஆகஸ்ட்ல என்ன ஆச்சு?"

ஆகஸ்டில் அவன் அப்பா லாரி ஓட்டிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் போய்விட்டார். அவரைப் புதைத்த மூன்றாம் நாள் அவன் சங்கத்து வீட்டுக்குத் திரும்பினான். அன்று புதியவர்களுக்கு வரவேற்பு விருந்து. கோழி வேஷம் கட்டி மேஜைமேல் ஏறி ஆடினான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து ஒருநாளும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் என்ன ஆகுமோ என்று பயம். அப்பா கடைசியாகப் போனில் விட்டுச்சென்ற குரலைக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கேட்பான். "டேய், சாப்பிட்டியா? சும்மாதான் கூப்பிட்டேன்." அவ்வளவுதான் அதில் இருந்தது.

ஐந்து நிமிஷம் ஐம்பது நிமிஷமாயிற்று.

வெளியே வந்தபோது டோபினின் கண்கள் சிவந்திருந்தன. மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அடுத்த செவ்வாய்க்கிழமையும் வரச் சொல்லியிருக்காங்க. வர்றேன்னுட்டேன்" என்றான். அப்புறம்தான் வந்த வேலை நினைவுக்கு வந்து பதறினான்.

"ஐயோ, மன்னிச்சுக்கடா மச்சான்! உன்னைச் சுத்தமா மறந்துட்டேன். எழுந்திரு, உள்ள போ. ஒண்ணும் பயமில்ல. எவ்வளவு நேரமானாலும் நான் இங்கயே இருக்கேன்."

லோவெல் எழுந்திருக்கவில்லை. அவன் மடியில் இரண்டு காலி பர்கர் காகிதங்கள். மூன்றாவது பர்கர் வாயில் இருந்தது. அவசரமாக விழுங்கி, தாடியில் ஒட்டிய சாஸைத் துடைத்துக்கொண்டான்.

"எனக்கு ஒரு கேடும் இல்லடா. உன்னை இந்த வாசப்படி ஏத்த யாராவது ஒருத்தன் சீக்காளியா நடிக்கணும்னு உன்னைத் தவிர இருபத்தோரு பேரும் சேந்து சீட்டுக் குலுக்கினோம், பாழாப்போன சீட்டு எனக்கு விழுந்து தொலைச்சுது!"