எழுதிக் கொடுத்தால் தருவோம்

"விபத்துப் பதிவேடு எங்கம்மா?" என்று கேட்டார் பாதுகாப்பு ஆய்வாளர் டோங்கோ.

"எழுதிக் குடுங்க சார், தர்றேன்" என்றாள் ஆபீஸ் கிளார்க் சேர்வா.

வாசலில் நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன மாதம் எங்கள் குமாசி நகர மர ஆலையில், மூன்றாம் நம்பர் ரம்பத்தில் என் வலது கை விரல்கள் மூன்று போயின. அன்று பக்கத்தில் உட்கார்ந்து அறிக்கை எழுதியவள் இதே சேர்வாதான். மறுநாளே மேனேஜர் டங்க்வா அதைக் கிழித்துப் போடச் சொன்னார். "போட்டாச்சு சார்" என்றவளும் இவள்தான்.

"வீட்ல கோடாலி பட்டுச்சுன்னு சொல்லு" என்று எனக்கு உத்தரவு. வாசல் காவல் வேலை கொடுத்து வாயை அடைத்துவிட்டார்.

அந்த ரம்பத்துக்கு இன்னும் பாதுகாப்பு மூடி போடவில்லை. இப்போது அங்கே நிற்பவன் என் தம்பி ஒசேய்.

"சரி, மெஷின் பராமரிப்பு ரெக்கார்டு?"

"அதையும் எழுதிக் குடுங்க சார்."

டங்க்வாவுக்கு வாயெல்லாம் பல். அவள் மேஜையை விட்டு அந்த ஆள் நகரவே இல்லை. "எங்க ஆபீஸ்ல அதான் சார் வழக்கம். எழுத்துல கேட்டாத்தான் குடுப்போம்."

எனக்குத் தாங்கவில்லை. "ஏய் சேர்வா! என் ரத்தத்தைத் துடைச்ச கையாலதானே இந்த ஆளுக்கு வால் பிடிக்கிறே? நாளைக்கு என் தம்பி கையும் போகணுமா?"

"சும்மா இருங்கண்ணே" என்றாள், என் முகத்தைப் பார்க்காமலே. புதுத் தாள் கட்டைப் பிரிக்கப் போனாள்.

"புதுசு எதுக்கு? பழைய தாளைத் திருப்பிப் போட்டு எழுதச் சொல்லு!" டங்க்வா அதட்டினார். தினமும் அவர் சொல்வதுதான்.

"சரி சார்." தட்டில் இருந்த பழைய தாள்களில் மேலே கிடந்ததை எடுத்து நீட்டினாள்.

ஆய்வாளர் கோபத்தில் பேனாவை அழுத்தி எழுதி, கையெழுத்துப் போட்டார்.

"பின்பக்கமும் ஒரு கையெழுத்து, சார்."

"உங்க கூத்துக்கு ஒரு அளவே இல்லையாம்மா?" என்று சலித்தபடி தாளைத் திருப்பினார்.

பேனா அப்படியே நின்றது.

'மூன்றாம் நம்பர் ரம்பம். மூடியைக் கழற்றச் சொன்னவர்: மேனேஜர்.' அதற்குக் கீழே என் இடது கைப் பெருவிரல் ரேகை. பக்கத்தில், சாட்சி என்று போட்டு, சேர்வாவின் கையெழுத்து.