நகராத நாற்காலிகள்

கூடத்தின் நடுவில் ஒரு புது முக்காலி நின்றது.

இன்ஸ்பெக்டரம்மாவின் கண் முதலில் அதில்தான் விழுந்தது. போலீஸ் எல்லாம் இல்லை. அந்தப் பழைய மாளிகையின் வீட்டுப் பொறுப்பு முழுவதும் அவள் கையில். வேலைக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் அது.

நாற்காலி, மேசை, அலமாரி எல்லாவற்றுக்கும் நிற்கும் இடம் தெரிய, தரையில் பித்தளை ஆணி அடித்து வைத்திருந்தாள். மெழுகு தேய்க்கத் தூக்கினால் இம்மி பிசகாமல் அங்கேயே இறக்க வேண்டும். சோபாவை ஒரு விரற்கடை தள்ளிப் போட்ட பெண் வாங்கிய வசவு ஊருக்கே பிரசித்தம். பூச்சி அரிக்கிறதென்று சொல்லிக் கம்பளங்களை எல்லாம் பரணில் ஏற்றியவளும் அவள்தான்.

முக்காலி, மாளிகையின் சொந்தக்காரியான பெரியம்மாவின் மகன் கொண்டுவந்த பரிசு. நான்கு வருடம் கழித்து, நேற்றுப் பொழுது சாய்ந்த பிறகு வந்தான். அம்மாவால் இங்கே தனியாகச் சமாளிக்க முடியாது என்று பட்டால், வீட்டைப் பூட்டிவிட்டுக் கையோடு அழைத்துப் போய்விடுவதாக வந்ததுமே சொல்லிவிட்டான். பெரியம்மாவுக்கு அந்த வீட்டை விடுவதும் உயிரை விடுவதும் ஒன்று.

இப்போது அவன் சாப்பாட்டு மேசையருகே கண்கொத்திப் பாம்பாக நின்றிருந்தான். பெரியம்மா தலை நிமிர்ந்து, மகாராணி மாதிரி மாடிப்படி இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

படியிலிருந்து மேசைக்கு நேர்வழி. வழியில் முக்காலி.

ஓடிப்போய் எடுத்தால் மகன் ஏன் என்று கேட்பான்.

இன்ஸ்பெக்டரம்மாவா அசருவாள்? வாயெல்லாம் பல்லாகக் குரலை உயர்த்தினாள்.

"அம்மா, தம்பி உங்களுக்கு முக்காலி வாங்கிட்டு வந்திருக்காரு பாருங்க! நடுக்கூடத்துலயே போட்டுட்டாரு. செவப்பு மெத்தை வச்சு என்ன ஜோரா இருக்கு!"

பெரியம்மா ஒரு நொடி நின்றாள். பிறகு நிதானமாக நடந்து வந்து, குனிந்து மெத்தையைத் தடவினாள். சிவப்புதான் இந்தக் கூடத்துக்கு எடுப்பு என்று மகனை மெச்சிவிட்டு, அதைச் சுற்றிக்கொண்டு போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். மகனுக்குத் தன் கையாலேயே தேநீர் ஊற்றினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

மகன் தோற்றுப்போனான். சந்தோஷமாகத்தான் தோற்றான். அம்மா என்னைவிடத் தெம்பாக இருக்கிறாள் என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டே காரில் ஏறினான்.

பெரியம்மா வாசலில் நின்று சிரித்த முகமாகக் கையசைத்தாள். கார் வளைவில் திரும்பி மறைந்தது. கை ஆடிக்கொண்டே இருந்தது.

போதும் என்று இன்ஸ்பெக்டரம்மா தோளைத் தொட்ட பிறகுதான் கையை இறக்கினாள். இறக்கிய கையால் அவள் விரல்களைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லு, அவனுக்குத் தலை நரைச்சிடுச்சா?"