சூப்பர்சார்ஜர் துரை

"சூப்பர்சார்ஜரைக் கழட்டிருவோமுங்க தொர. வளைவுல வண்டி திமிருது. சாதா இஞ்சின்னா கால் சொன்னபடி கேக்கும்," என்றார் டிரைவர் கஸ்பர்.

தேயிலைத் தோட்டத் துரைக்கு மூக்கு சிவந்தது. இஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் அந்தக் கருவியை லண்டனிலிருந்து வரவழைத்தவர் அவர். அது 'வீ' என்று அலறுவதுதான் அவருக்குச் சங்கீதம். இஞ்சினை மூடும் பானட்டை மட்டும் ஒருநாளும் திறந்ததில்லை. துரை கையில் கிரீஸ் படலாமா?

"கழட்டினா அன்னைக்கே உனக்குப் பத்துச்சீட்டு! வேற தோட்டத்துல வேலை தேடிக்க!"

நுவரெலியா மலையேற்றக் கார்ப் பந்தயத்தில் கஸ்பர் ஓட்டிய துரையின் கார் 'வீ' என்று அலறியபடி எல்லாரையும் முந்தியது.

"சத்தம் கேட்டியா? எல்லாம் சூப்பர்சார்ஜர் வேலை! இனி வாயைத் திறக்காத!"

"திறக்க மாட்டேனுங்க தொர."

பங்களாக் குசினியில் சமையல்காரர் செபமாலை கஸ்பரை மறித்தார்.

"மூணு நாளா கேத்தல் ஊமையாக் கெடக்கு. தண்ணி கொதிச்சா ஊதுற விசிலைக் காணோம். தொரசாணி என்னைய ஏசுறாங்க. நீ பாத்தியா?"

"கார் மூக்குல கட்டியிருக்கேன்," என்றார் கஸ்பர் மெதுவாக. "சூப்பர்சார்ஜர் சாக்குக்குள்ள சும்மாதான் கெடக்கு. வேணும்னா அதைக் கேத்தல்ல மாட்டிக்க."