மூன்றாவது கண்ணாடி

சூலியா தெருக் கடைக்காரனெல்லாம் தன்னை ‘அண்ணே’ என்று கூப்பிடுவதா என்று குலசேகரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இருபது வருடமாக அரசாங்க அலுவலகத்தில் ‘சார்’ கேட்டே பழகிய காது.

மகள் கீர்த்திகாவுக்கு ஆறு மாதத்தில் இது மூன்றாவது கண்ணாடி. முதல் வரிசையில் உட்கார்ந்தும் பலகையில் எழுதியது தெரியவில்லையாம். நேற்று மாடிப்படி தெரியாமல் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். எல்லாம் ஹேண்ட்போன் பார்க்கிற கொழுப்பு என்பது அவருடைய தீர்ப்பு. அவர் தீர்ப்புக்கு வீட்டில் அப்பீல் கிடையாது.

கடைக்காரர் நாகூர் மீரான், கீர்த்திகாவின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு விளக்கடித்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

“அண்ணே, ரெண்டு கண்ணுலயும் புரை விழுந்திருக்கு. பத்து வயசுல இது வரக்கூடாது லா. சின்னதுல தலைக்கு ரேடியேஷன் மாதிரி ஏதாச்சும் குடுத்தாங்களா?”

கண்ணாடி விற்கிறவனுக்கு டாக்டர் வேஷம் எதற்கு?

“எங்க குடும்பத்துல அந்த மாதிரி சீக்கெல்லாம் கிடையாது. நீ பவரை மட்டும் பாருப்பா.”

குடும்பம்! தாத்தா ரயில்வே குமாஸ்தா, பெரியப்பா தலைமையாசிரியர். சம்பந்தம் பேச வருகிறவர்களிடம், மூன்று தலைமுறையில் ஒருவருக்கும் ஜலதோஷம்கூட வந்ததில்லை என்று சொல்லிக்கொள்கிற குடும்பம்.

மீரான் விடவில்லை. புரையை எடுத்துவிடலாம், உள்ளே நரம்பும் கெட்டிருந்தால் போன பார்வை திரும்பாது, காரணம் தெரிந்தால் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருகிறேன் என்றார்.

குலசேகரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வேறு வழியில்லாமல் மீரான், கீர்த்திகாவின் தாடையைக் கருவியில் வைத்து, அசையக் கூடாது என்றார்.

“அசைய மாட்டேன் அங்கிள். மூஞ்சியில வலை மாஸ்க் போட்டு, கட்டிலோட பூட்டி, முப்பது நாளு ரேடியேஷன் குடுத்தாங்க. ஒரு நாளும் நான் அசையவே இல்ல!”

சொன்னபோது அவளுக்கு அவ்வளவு பெருமை.

மூளைக் கட்டி கரைந்த பிறகு, வருடந்தோறும் கண்ணைக் காட்ட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையை, யார் கண்ணிலாவது பட்டுவிடும் என்று குலசேகரம் கிழித்துப் போட்டு நான்கு வருடமாகிறது.

வெளியே சொல்லக் கூடாது என்பது அப்போதுதான் கீர்த்திகாவுக்கு நினைவு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

கதவோரம் கண்ணாடி மாட்டிச் சிரித்துக்கொண்டிருந்த விளம்பர அட்டை மனிதனைப் பார்த்து, “சாரி, அப்பா” என்றாள்.